மரக்கால் யார் கையில்?

தமிழ்க் கணிமையைப் பற்றி இலக்கிய நண்பர்களிடம் பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடத்தில் ஒரு சொல் வந்து விழுந்துவிடும்: இலவசம். "அதான் எல்லாம் இலவசமா கிடைக்குதே, இன்னும் என்னய்யா பிரச்சினை ஒனக்கு?" எழுத்துரு இலவசம், விசைப்பலகை இலவசம், பிழைதிருத்தி இலவசம். இப்போது கேட்டால் கதையே எழுதித் தருகிற செயலியும் இலவசம். பத்துப் பன்னிரண்டு வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லுக்கு எதிராக எழுதப்படுகிறது.

தமிழ் கணினிக்குள் நுழைந்து நாற்பது வருடம் ஆகிறது. இதற்குள் நாம் பட்ட அவதிகளுக்குத் திறமைக் குறைவையோ பணக் குறைவையோ முதல் காரணமாகச் சொல்ல மாட்டேன். கொடையையும் உரிமையையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டோம், அதுதான் முதல் காரணம். ஒரு மென்பொருளைக் காசு வாங்காமல் கொடுத்தால் அது கொடை. மூலநிரலையும் சேர்த்துக் கொடுத்து, மாற்றிக்கொள், பிறருக்கும் கொடு என்று எழுத்தில் எழுதிக் கொடுத்தால் அது உரிமை. கொடுத்தவருக்கு மனசு மாறினாலோ, கம்பெனி மூடினாலோ, ஆளே போய்ச்சேர்ந்தாலோ கொடை நின்றுவிடும். உரிமை நிற்காது.

தஞ்சாவூர்க்காரனுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மழை கொட்டித் தீர்த்த வருடம் கர்நாடகத்து அணைகள் நிரம்பி வழிந்து மேட்டூருக்குத் தண்ணீர் வரும். அதை யாராவது உரிமை என்று சொல்வோமா? அது போதாது என்றுதானே நடுவர் மன்றத்துக்குப் போனோம். 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் 177.25 டிஎம்சி என்று ஒரு கணக்கு. அந்த எண் குறைவு, கூட என்று இன்னமும் சண்டை நடக்கிறது. ஆனால் சண்டை போடுவதற்கு ஓர் எண் இருக்கிறது. தண்ணீர் விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிற ஊர், எழுத்து விஷயத்தில் மட்டும் வழிந்து வருவதை வாங்கிக்கொண்டு கும்பிடு போடுகிறது.

*

திறந்த தரம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் பெரிய கோயிலைக் காட்டுவேன். அங்குள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் நெல் அளக்கிற மரக்காலுக்குப் பெயர் இருக்கிறது: ஆடவல்லான். அது ராஜகேசரி என்கிற மரக்காலுக்குச் சமம் என்றும் அங்கேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு தரத்துக்கு வேண்டியதெல்லாம் இதுதான். அளவுக்கு ஒரு பெயர், தெரிந்த இன்னோர் அளவோடு அதற்குள்ள உறவு, இரண்டையும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிட முடியாத இடத்தில், கல்லில், எழுதி வைத்தல்.

சோழர் பெருமை பாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. சுவரில் எழுதியிருந்தால் போதுமா, சுவர் பக்கத்தில் யார் போகலாம் என்பதும் கேள்விதான். 1939-ன் ஆலயப் பிரவேசச் சட்டத்துக்கு முன்பு, அந்த நெல்லை விளைவித்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பிராகாரத்துக்குள் கால் வைக்க முடியாது. களத்தில் இருந்த மரக்காலும் கல்வெட்டில் இருந்த மரக்காலும் ஒன்றாக இருந்ததா என்பது அடுத்த கேள்வி. வாங்குவதற்குப் பெரிய மரக்கால், கூலி அளப்பதற்குச் சின்ன மரக்கால் என்று கீழத்தஞ்சையில் எந்தப் பழைய ஆளைக் கேட்டாலும் சொல்வார்கள். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட போராட்டத்தின் கடைசியில்தான், 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். மென்பொருளை அந்த நெருப்போடு ஒப்பிடுகிற அளவுக்கு எனக்குப் புத்தி பிசகிவிடவில்லை. அந்த மண்ணிலிருந்து ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அளவுகோல் ஒரு தரப்பின் வீட்டுக்குள் இருந்தால், அந்தத் தரப்பு நல்லவனா கெட்டவனா என்ற விசாரணைக்கே அர்த்தமில்லை. அளவுகோல் நடுவீதிக்கு வர வேண்டும்.

*

தமிழ் எழுத்துரு உலகத்தில் அது நடுவீதிக்கு வரவே இல்லை, ரொம்ப நாள். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்கிற அட்டவணைதான் இங்கே மரக்கால். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் ஆளுக்கொரு மரக்கால் வைத்துக்கொண்டார்கள். பாமினியில் தட்டிய 'தமிழ்' என்ற சொல்லை வேறு எழுத்துருவில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். அரசு அலுவலகங்கள் வருடக்கணக்கில் வானவில்லில் தட்டின. பத்திரிகைகள் தங்களுக்கென்று செய்து வாங்கிக்கொண்டதில் தட்டின.

இதைச் சரிசெய்ய முயன்றவர்களும் இருந்தார்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் என்று கடல் கடந்து இருந்தவர்கள் அதில் முன்னால் நின்றார்கள். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டிலிருந்து தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்ற குறியாக்கங்களும் வந்தன. இன்னொரு பக்கம் இணையத்தில் கூடிப் பேசியவர்கள் டிஸ்கி என்று ஓர் அட்டவணை செய்தார்கள்.

இங்கேதான் என் வாதத்துக்கான சாட்சி இருக்கிறது. மதுரைத் திட்டம் தன் ஆரம்ப கால நூல்களை ஒருங்குறிக்கு முந்திய குறியாக்கங்களில்தான் வெளியிட்டது. டிஸ்கி இன்று வழக்கொழிந்துவிட்டது. ஆனால் டிஸ்கியில் இருந்த இலக்கியங்கள் வழக்கொழியவில்லை, எல்லாம் ஒருங்குறிக்கு வந்து சேர்ந்துவிட்டன. ஏன்? அட்டவணை பொதுவில் இருந்தது. எந்த எண் எந்த எழுத்து என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். தரம் செத்தாலும் அது சுமந்த சரக்கு பிழைத்துக்கொண்டது.

அட்டவணை பொதுவில் இல்லாதவற்றின் கதி என்ன என்பதை நானே கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு கும்பகோணம் பக்கத்து அச்சகம் ஒன்றிலிருந்து ஒரு குறுந்தட்டு வந்தது. அதில் பேஜ்மேக்கர் கோப்புகள், பதினான்கு புத்தகங்கள். அதில் ஒன்று டெல்டாவைப் பற்றி எழுதிய, இப்போது உயிரோடு இல்லாத ஒருவரின் சிறுகதைத் தொகுப்பு. அவர் மகள் மறுபதிப்பு போட விரும்பினார். புத்தகம் தட்டப்பட்ட எழுத்துரு ஒரு சின்ன நிறுவனத்துடையது. அந்த நிறுவனம் இப்போது இல்லை. அட்டவணையும் இல்லை. "தெரிஞ்ச பக்கத்தை எதிர்ல வச்சுக்கிட்டு நீங்களே கண்டுபிடிச்சுக்குங்க சார்" என்றார் அச்சகத்துக்காரர்.

கண்டுபிடித்தோம். பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்தான் சேமிக்கும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். ஒருங்குறியில் முதலில் க, அதற்கடுத்து ஒகரக் குறி. அதைக்கூட நிரலால் திருப்பிப் போட்டுவிடலாம். ஔகாரத்தில்தான் உயிர் போனது. பழைய எழுத்துருவில் 'கௌ'வின் கடைசிக் குறியும் ள என்ற எழுத்தும் ஒரே வடிவம், ஒரே எண். 'கௌரவம்' சரியாக வர வேண்டும் என்று விதி எழுதினால், தஞ்சாவூர்க் கிழவி "வெளக்கு ஏத்துடி" என்று சொல்கிற இடத்தில் அது 'வௌக்கு' ஆகிவிடுகிறது. பேச்சு வழக்கில் எழுதிய எழுத்தாளரின் புத்தகம்தான் இதில் அதிகம் அடிபடும். பக்கம் பக்கமாக உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. பதினான்கில் இரண்டு புத்தகங்களின் கோப்புகள் கடைசிவரை திறக்கவே இல்லை.

அந்த எழுத்துரு அந்தக் காலத்தில் காசுக்கு விற்றதா, ஓசியில் வந்ததா என்று எனக்கு அக்கறையில்லை. ஒரு எழுத்தாளரின் சொந்த வாக்கியங்களைத் திறக்கிற சாவி, அவரிடமும் இல்லை, அவர் வாரிசிடமும் இல்லை, பதிப்பாளரிடமும் இல்லை. சாவி ஒரு மூடிய கடைக்குள் இருக்கிறது. இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

*

ஓலைச்சுவடிகளின் கதையை நாம் உணர்ச்சிவசப்பட்டு மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தார், ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட ஏடுகள் போய்விட்டன என்று கண்ணைத் துடைத்துக்கொள்வோம். பொறியாளனாக அந்தக் கதையைக் கேளுங்கள். காவிரிக் கரையின் ஈரத்திலும் பூச்சியிலும் பனையோலை சில நூறு வருடம் தாங்கினால் பெரிய விஷயம். சீவக சிந்தாமணி 1887-ல் அச்சேறியது. அதுவரை அது ஒரே ஓலையில் இருந்ததா என்ன? ஓலை பழுதானதும் யாரோ படியெடுத்தார்கள், அந்தப் படியைப் பார்த்து இன்னொருவர் எடுத்தார். அவர்கள் யாரையும் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதவில்லை. படியெடுக்கத் தடையில்லாத வடிவத்தில் இருந்தது ஒன்றுதான் தமிழ் இலக்கியம் பிழைத்ததன் தொழில்நுட்பம்.

இதன் நவீன வடிவத்தையும் நாமே கண்டுபிடித்தோம். நாட்டுடைமை என்று பெயர். 1949-ல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையை வாங்கி, பிறகு அதை மக்களுக்கே விட்டது. ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருள் என்று பேச ஆரம்பித்தது 1983-ல். இந்த விஷயத்தில் நாம் யாருக்கும் பின்னால் வந்தவர்கள் இல்லை. ஆனால் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம்? நாட்டுடைமையான நூல்களில் பெரும்பகுதி இணையத்தில் பக்கங்களின் புகைப்படமாகத்தான் இருக்கிறது. ஒரு சொல்லைத் தேட முடியாது. பார்வையற்ற வாசகரின் திரைபடிப்பானுக்கு அது வெறும் வெள்ளைத் தாள். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. உரிமையைக் கொடுத்துவிட்டு, வடிவத்தை மூடி வைத்திருக்கிறோம்.

*

இனி எதிர்த்தரப்புகள். முதல் தரப்பு, ஒருங்குறியே சதி என்பவர்கள். "247 எழுத்துள்ள மொழிக்கு 128 இடம் கொடுத்து ஏமாத்திட்டாங்க, இந்திக்காரன் வைத்த அச்சில் நம்மைப் போட்டுட்டாங்க." இந்தக் கோபத்தில் உண்மை உண்டு, அதை மறுக்க மாட்டேன். 1991-ல் ஒருங்குறி முதலில் வந்தபோது தமிழுக்கான அமைப்பு இஸ்கி என்ற இந்திய அரசுத் தரத்தை அடியொற்றி வந்தது. எல்லா இந்திய மொழிக்கும் ஒரே சட்டி. தமிழ் இலக்கணக்காரர்கள் யாரும் அந்த மேசையில் அமர்ந்து தீர்மானித்ததில்லை. 'நெல்' என்று எழுத நான்கு குறியீடுகள் வேண்டும், யு.டி.எஃப்-8 முறையில் அது 12 பைட். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கிடைத்திருந்தால் நிரல் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். சரி.

அதற்கு மருந்தாகச் சொல்லப்பட்டது டேஸ்16. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு ஒருங்குறியோடு இதையும் தரமாக அறிவித்தது. டேஸ் உட்கார்ந்திருப்பது ஒருங்குறியில் 'சொந்தப் பயன்பாட்டுப் பகுதி' என்று ஒதுக்கிய இடத்தில். அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதாவது அது புறம்போக்கு. அங்கே எவ்வளவு அழகாக வீடு கட்டினாலும் பட்டா கிடையாது. உலகத்துக் கைப்பேசிகள் எதற்கும் அந்த எண் தமிழ் என்று தெரியாது. திரும்பவும் நம் வீட்டுக்குள் ஒரு மரக்கால். நல்ல மரக்கால்தான், துல்லியமான மரக்கால்தான். வீதியில் செல்லாது, அவ்வளவுதான்.

சதி என்று முணுமுணுப்பவர்கள் மேசையில் போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. கிரந்த எழுத்துகளை ஒருங்குறியில் சேர்க்கும்போது எ, ஒ, ழ, ற, ன ஆகியவற்றையும் அதற்குள் வைக்கலாம் என்று ஒரு முன்மொழிவு 2010 வாக்கில் வந்தது. தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், ஆவணங்களோடு எதிர்த்தார்கள். 2014-ல் கிரந்தம் சேர்க்கப்பட்டபோது அந்த ஐந்தும் அதில் இல்லை. இன்னோர் உதாரணம் எனக்கு இன்னும் பிடித்தது. 2019-ல் வந்த ஒருங்குறி 12-ல் 'தமிழ் கூடுதல்' என்று ஒரு தொகுதி உண்டு, 51 குறிகள். முந்திரி என்கிற 320-ல் ஒரு பங்கிலிருந்து கீழ்வாய் இலக்கங்கள், நெல்லுக்கு ஒரு குறி, செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு, குழி, வேலி, நஞ்சை, புஞ்சை, வரவு. தஞ்சாவூர்க் கணக்குப்பிள்ளையின் ஓலையில் இருந்தது அப்படியே உலகத் தரத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. யாரோ உட்கார்ந்து பழைய கணக்கேடுகளைப் பார்த்து, முன்மொழிவு எழுதி, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, திருத்தி, மறுபடி அனுப்பி வாங்கியது இது. மேடையில் முழங்கி வாங்கியதில்லை. திறந்த தரத்தின் லட்சணம் அது தப்பே செய்யாது என்பதில் இல்லை. தப்பைத் திருத்துகிற வழி எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

*

இரண்டாவது தரப்பு, என் சொந்த ஜாதி: மென்பொருள்காரர்கள். "நான் தமிழுக்காக ராப்பகலா உழைச்சு இலவசமா கொடுத்தேன். மூலநிரலை எதுக்குக் கொடுக்கணும்? எவனாவது எடுத்துப் பேரை மாத்திப் போட்டுக்குவான்." தமிழுக்கு வந்த எத்தனையோ அருமையான கருவிகள் இந்தப் பயத்தினாலேயே செத்தன. செய்தவருக்கு வேலை மாறியது, குழந்தை பிறந்தது, புது விண்டோஸ் வந்தது, கருவி ஓடவில்லை, முடிந்தது கதை. அவர் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. அதனால்தான் கோபமும் இருக்கிறது. இத்தனை உழைப்பை ஒரு மனிதனின் ஓய்வு நேரத்தோடு கட்டிப்போடலாமா? எ-கலப்பையின் மூலநிரல் பொதுவில் இருப்பதால்தான் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவரால் ஏர் பிடிக்க முடிகிறது.

பெயரை மாற்றிப் போட்டுக்கொள்வான் என்கிற பயத்துக்கு விடை, மூடி வைப்பதில் இல்லை, உரிமத்தில் இருக்கிறது. இதைத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒருவர் கணினியே இல்லாமல் செய்து காட்டினார். நெல் ஜெயராமன். நம்மாழ்வாரோடு நடந்தவர். ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, காட்டுயானம், பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா, குழியடிச்சான் என்று 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டவர். 2018 டிசம்பரில் இறந்தார். அவர் வைத்த விதி எளிது: இரண்டு கிலோ விதை வாங்கிப் போ, அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடு. அந்த நான்கு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். 1989-ல் எழுதப்பட்ட பொது உரிமமான ஜி.பி.எல்-லின் சாரமும் இதுதான். எடுத்துக்கொள், மாற்றிக்கொள், ஆனால் மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது அதே உரிமையோடு கொடு. ஜெயராமன் விதையை 'இலவசமாக' கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கடமையோடு கொடுத்தார். அதனால்தான் அவருக்குப் பிறகும் விதை இருக்கிறது.

சட்டமும் இதில் உழவன் பக்கம் நிற்கிறது. 2001-ன் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட ரகமாகவே இருந்தாலும் விதையை வைத்துக்கொள்ளவும், மறுபடி விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உழவனுக்கு உரிமை உண்டு. வணிகப் பெயர் போட்டு விற்கத்தான் கூடாது. விதைக்கு இந்த உரிமையை வாங்கிய நாடு, எழுத்துருவுக்கும் மென்பொருளுக்கும் கேட்கவே இல்லை.

இதில் வாசகர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு நாம் திருப்பிக் கொடுத்தது என்ன? குடிமராமத்து என்று அடிக்கடி பெருமையாகச் சொல்கிறோம். ஊரே கூடித் தூர்வாரியதாம். ஊரில் யார் மண்வெட்டி பிடித்தார்கள், யார் வரப்பில் குடை பிடித்து நின்றார்கள் என்று கேட்டால் அந்தப் பெருமை கொஞ்சம் இறங்கும். திறமூல உலகமும் அப்படித்தான் இருக்கிறது. 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்ற சின்ன சுருக்கு மென்பொருளில் ஒரு கள்ளக் கதவு இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. உலகத்துச் சேவையகங்கள் கணக்கில்லாமல் அதைச் சார்ந்து நிற்கின்றன. பராமரித்து வந்தவர் சம்பளமில்லாத ஒற்றை மனிதர், களைத்துப் போயிருந்தார். உதவுகிறேன் என்று வந்த ஓர் அநாமதேயம் இரண்டு வருடம் நல்ல பிள்ளையாக நடித்து உள்ளே புகுந்தது. மடையைக் கவனிக்க ஆள் வைக்காமல் ஊரே தண்ணீர் பாய்ச்சினால் இதுதான் நடக்கும். தமிழ் எழுத்துருவில் ஓர் எழுத்து உடைந்து தெரிந்தால் முகநூலில் திட்டத் தெரிந்த நமக்கு, அந்த எழுத்துருவின் பக்கத்துக்குப் போய் இன்ன சொல்லில் இன்ன பிழை என்று நான்கு வரி எழுதத் தெரியவில்லை. அதற்கு நிரல் தெரிய வேண்டியதில்லை, தமிழ் தெரிந்தால் போதும்.

*

மூன்றாவது தரப்பு புதியது, பணக்காரத் தரப்பு. செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிகள். 'திறந்த' என்ற சொல்லே இப்போது அவர்கள் கடையில் விற்பனைக்கு இருக்கிறது. மாதிரியின் எடைகளை மட்டும் இறக்கிக்கொள்ள விட்டுவிட்டு, எந்தப் பனுவலில் பயிற்றினோம் என்று சொல்லாமல், மாதம் 70 கோடிப் பயனர்களுக்கு மேல் போனால் தனி அனுமதி கேள் என்று நிபந்தனையும் போட்டுவிட்டு, அதைத் திறமூலம் என்று அழைக்கிறார்கள். லாமா உரிமத்தில் இருக்கிற நிபந்தனை அது. அரிசியைக் கொடுத்துவிட்டு விதைநெல் கொடுத்தேன் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அரிசி சாப்பிட நல்லது. முளைக்காது.

இந்த மாதிரிகளுக்குத் தமிழ் எங்கிருந்து வந்தது? விக்கிப்பீடியாவில் ராத்திரி கண்விழித்து எழுதியவர்கள், வலைப்பூ எழுதியவர்கள், இணைய இதழ்கள் நடத்தியவர்கள் என்று கூலி வாங்காத ஆயிரம் கைகள் பொதுவெளியில் போட்டதிலிருந்து. போட்டது தவறென்று சொல்லவே மாட்டேன். திறந்து வைத்தால் எடுக்கத்தான் செய்வார்கள், எடுக்கத்தான் திறந்தோம். இரண்டு கிலோ எடுத்துப் போனவர்களிடம் நான்கு கிலோ எங்கே என்று கேட்கிற குரல்தான் வேண்டும்.

இன்னொன்று, மரக்கால் மறுபடி வந்துவிட்டது. இந்தச் சேவைகளை மென்பொருளுக்குள் வைத்துப் பயன்படுத்தினால் டோக்கன் கணக்கில் காசு. டோக்கன் என்பது பனுவலை அந்த மாதிரி வெட்டிக்கொள்ளும் துண்டு. ஆங்கிலம் நிறையப் பார்த்து வடித்த வெட்டுக்கத்தி என்பதால் ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒன்றிரண்டு துண்டில் முடியும். தமிழ்ச் சொல்லைக் கொத்துக்கறி போடும். ஒரே விஷயத்தைத் தமிழில் கேட்டால் துண்டு அதிகம், ஆகவே காசு அதிகம். வாங்குவதற்குப் பெரிய மரக்கால். மரக்காலின் அளவைத் தீர்மானிப்பவரும் நெல் வாங்குபவரும் ஒரே ஆள். இந்தக் கதையை நம் பாட்டன் பூட்டன் ஏற்கெனவே பார்த்திருக்கிறான்.

*

அரசைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2007 வாக்கில் சி. உமாசங்கர் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த அலுவலகம் லினக்ஸுக்கு மாறியது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. மத்திய அரசில் 2010-லேயே மின்னாளுகைக்கான திறந்த தரக் கொள்கை இருக்கிறது, 2015-ல் திறமூல மென்பொருள் கொள்கை வந்தது. தாளில் எல்லாம் இருக்கிறது. என் ஊர்ப் பக்கம் நான் பார்த்த மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸைத் திறந்து காட்ட ஒரு வாத்தியாரும் இல்லை. அதையும் விலையில்லாப் பொருளாகக் கொடுத்தோம், உரிமையாகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இது ஏதோ இலக்கியக்காரன், கணினிக்காரன் கவலை என்று நினைக்காதீர்கள். இன்று டெல்டாவில் ஓர் உழவனின் வருடம் முழுக்க மென்பொருள் வழியாகத்தான் போகிறது. அடங்கல், சிட்டா, பயிர்க் காப்பீடு, நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கான இணையப் பதிவு. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம் போடுகிற தராசில் அரசு முத்திரை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சண்டை போடச் சட்டம் இருக்கிறது. நெல் 17 சதவீத ஈரப்பதத்துக்குள் இருக்கிறதா என்று ஒரு கருவி சொல்கிறது. பெயர் பட்டாவில் இருப்பதும் ஆதாரில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒரு நிரல் தீர்மானிக்கிறது. 'சாமிநாதன்', 'சுவாமிநாதன்' இரண்டும் ஒரே ஆள் என்று அந்த நிரலுக்குத் தெரியுமா, எந்த விதிப்படி பொருத்துகிறது என்று யார் போய்ப் பார்த்தது? தராசைக் கவிழ்த்துப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. நிரலைக் கவிழ்த்துப் பார்க்க இல்லை. அது நம் வரிப்பணத்தில் எழுதிய நிரல்.

எனவே நான் கேட்பது சுருக்கமானது. பொதுப் பணத்தில் எழுதப்படும் நிரல், உழவனின் தனி விவரங்களை நீக்கிவிட்டு, பொதுவில் வைக்கப்பட வேண்டும். நாட்டுடைமையான ஒவ்வொரு நூலும் தேடக்கூடிய ஒருங்குறிப் பனுவலாக வெளிவர வேண்டும். இதைச் செய்ய தஞ்சாவூரிலேயே ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1944-ல் இறந்த கும்பகோணத்துக் கு.ப.ராவின் கதைகளுக்குப் பதிப்புரிமையே இல்லை. அவரில் தொடங்கலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். பதிப்பாளர்கள் பழைய எழுத்துருவில் கிடக்கிற கோப்புகளை இருக்கிற ஆட்கள் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும்.

எழுதுகிறவர்களுக்கு ஒன்று. நீங்கள் போடுகிற ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: அச்சுக்குப் போன இறுதி வடிவம், ஒருங்குறியில், எளிய பனுவல் கோப்பாக, ஆசிரியருக்குத் தரப்பட வேண்டும். ராயல்டி சதவீதத்துக்குச் சண்டை போடுகிற நேரத்தில் பாதியை இதற்குப் போடுங்கள். ராயல்டி பத்து வருடம் வந்தால் அதிகம். அந்தக் கோப்பு உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் யாரோ ஒருவர் உங்களை மறுபதிப்பு செய்ய நினைக்கும்போது வேண்டியிருக்கும்.

அப்புறம் வாசகர்கள். அடுத்த முறை யாராவது தமிழுக்கு ஒரு கருவியைக் கொண்டுவந்து இலவசம் என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். இதை நான் மாற்றிக்கொள்ளலாமா? நாளைக்கு நீங்கள் இல்லாவிட்டாலும் இது ஓடுமா? பதில் சொல்லத் தயங்கினால், கொடுப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மரக்கால் இன்னும் அவர் வீட்டுக்குள்தான் இருக்கிறது.